பதினான்காம் நிமிடத்தில் ஒரு மேடு

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அது இருக்கும். மற்றபடி காவல்காரர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் கோஸ்காரிதான். மூன்று கண்ணாடி வீடுகளில் வருடம் முழுக்க முட்டைக்கோஸ் நாற்று வளர்ப்பது அவள் வேலை. அந்தக் கோஸை மனிதர்கள் யாரும் வாயில் வைத்ததில்லை. எல்லாம் புழுக்களுக்குப் போகும். புழு தின்று கொழுத்து, கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாகி வெளியே வரும். அதற்குப் பிறகு அது பூச்சி டாக்டரின் சொத்து.

நான் அங்கே வாசனை மிஷின் ஓட்டுகிறவள். பென்சில் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் காற்றில் உள்ளதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொடி. எந்த இடத்துக் காற்று வேண்டுமோ அங்கே போய் அந்தக் குழாய் வழியாக அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு வருவேன். மிஷினில் வைத்துச் சூடாக்கினால், பிடித்து வைத்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காகிதத்தில் கோடாக வரைந்து தரும். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உள்ள நிமிடத்தில் ஒரு மேடாக எழும்பும். நேற்று ஏழாம் நிமிடத்தில் வந்தது இன்றும் ஏழாம் நிமிடத்தில்தான் வரும். மனிதர்களிடம் பார்க்க முடியாத ஒழுங்கு அது. இருபது வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறேன்.

கோஸ்காரிக்கு அப்போது நாற்பத்தோரு வயது. கணவன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் டவுன் பஸ் டிரைவர். பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு அவளும் அவருடைய அக்காவும் மட்டும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த நாத்தனார் கல்யாணமே செய்துகொள்ளாதவர். வாசல் அறையில் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பார். கோஸ்காரி அவரை அண்ணி என்று கூப்பிடுவாள்.

மத்தியானச் சாப்பாட்டை நானும் அவளும் என் மிஷின் அறையில்தான் சாப்பிடுவோம், அங்கே குளிர்சாதனம் உண்டு என்பதால். அப்படிச் சாப்பிடும்போது பல விஷயம் சொல்வாள். ஆனால் புருஷனைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. நல்ல மனுஷன், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மீதியை நான் தெரிந்துகொண்டது பின்னால்.

பூச்சி டாக்டர் எங்கள் நிலையத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐம்பதை நெருங்கும் ஆள். மனைவி பிரிந்து போய் வெகுகாலமாயிற்று. டாக்டர் என்று கேள்விப்பட்டுக் காவல்காரர் ஒருநாள் பல்வலி என்று அவரிடம் போய் வாயைத் திறந்து காட்ட, அவரும் பெரிய மனது பண்ணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கம்பளிப்புழுவுக்குப் பல் இல்லை, அதனால் தனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்லை என்றாராம். அப்படிப்பட்ட மனிதர்.

அவருக்கும் கோஸ்காரிக்கும் இடையில் ஏதோ துளிர்விட்டிருப்பது எனக்கு அவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பதினொரு மணிக்கு அவரே இரண்டு டம்ளரில் தேநீர் எடுத்துக்கொண்டு மூன்றாம் கண்ணாடி வீட்டுக்குப் போவார். நாற்று மேஜைக்கு இந்தப் பக்கம் அவர் நிற்பார், அந்தப் பக்கம் அவள். மேஜையின் அகலம் நான்கடி. அந்த நான்கடியைத் தாண்டாமல் நாற்று, மழை, பம்ப் ரிப்பேர் என்று பேசுவார்கள். தேநீர் ஆறிப்போகும்.

முதல் தடவை அது நடந்தது ஒரு புதன்கிழமை. ஓர் இலையின் அடியில் முட்டை இருக்கிறதா என்று அவள் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தானும் பார்க்கலாம் என்று மேஜையைச் சுற்றி வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். யாருக்காவது கழுத்து வலியா என்று சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டார். மூட்டுவலித் தைலத்தின் வாசனை, குப்பியை முகத்துக்கு நேராகத் திறந்தது போல. கோஸ்காரிக்கும் வந்தது. இலையைக் கீழே விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயைப் போய் மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

டாக்டருக்கு அதில் திகில் ஒன்றும் இல்லை, ஆர்வம்தான் வந்தது. அந்தத் தைல வாசனைக்குக் காரணமான பொருள் மெத்தில் சாலிசிலேட். பல செடிகளில் அது இயற்கையாகவே உண்டு. பூச்சி கடித்தால் செடி அதைக் காற்றில் விடும். ஆகவே நாற்றில் எங்கோ சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, இருவருமாக உட்கார்ந்து அறுநூறு நாற்றையும் இலை இலையாகப் புரட்டினார்கள். ஓர் அசுவினி இல்லை. மேஜையின் இரண்டு முனைகளில் அவர்கள் இருந்த வரை வாசனையும் இல்லை. நடுவில் வந்து சேர்ந்தபோது மறுபடி எழுந்தது.

அதற்குப் பிறகு அவள் அவரை விட்டு விலகியே நடந்தாள். அவர் வந்தால் இவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விடுவாள். டாக்டர் தான் ஏதோ தப்பாக நடந்துகொண்டோமோ என்று என்னிடம் வந்து புலம்பினார். எனக்கும் அப்போது விஷயம் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய சோதனை படுத்துக்கொண்டது. பன்னிரண்டு கூண்டுகள். ஒவ்வொன்றிலும் அன்றைக்கு வெளிவந்த பெண் பூச்சி ஒன்று, ஆண் பூச்சிகள் மூன்று. வெள்ளைப் பூச்சிகள்தான், இறக்கையின் அடிப்பக்கத்தில் மட்டும் பச்சை நரம்பு ஓடும். பகல் வெளிச்சத்தில் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஓர் ஆண் பெண்ணோடு சேர்ந்துவிடும். ஆறு கூண்டுகளுக்கு டாக்டர் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார், மற்ற ஆறுக்குக் கோஸ்காரி, அப்போது டாக்டர் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பார். டாக்டரின் ஆறிலும் கல்யாணம் தடங்கலில்லாமல் நடந்தது. கோஸ்காரியின் ஆறில் ஒன்றில்கூட நடக்கவில்லை.

கூண்டுகளை மாற்றிக்கொண்டார்கள். இப்போது டாக்டரின் பழைய ஆறு படுத்தது. தோல்வி கூண்டோடு இல்லை, அவளோடு நடந்துகொண்டிருந்தது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், கையில் பஞ்சு. டாக்டர் அவளுக்கு அருகே நின்று விரலால் சுட்டினார். கூண்டுக்குள் ஓர் ஆண் பூச்சி பெண்ணை நோக்கிப் படபடத்துக்கொண்டு போனது. ஒரு விரற்கடை தூரம் இருக்கும்போது காற்றில் அப்படியே நின்று, பின்வாங்கி, கூண்டின் மறுமூலையில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது போனது, அதுவும் அப்படியே. மூன்றாவது கிளம்பவே இல்லை. பெண் பூச்சி இறக்கையை விரித்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தது. அந்தத் தைல வாசனை என் மூக்கிலும் ஏறியது. நெற்றிப்பொட்டு குளிர்ந்தது.

அன்றே குழாயை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்துக் காற்றை இழுத்து வந்தேன். பதினான்காம் நிமிடத்தில் மேடு. மெத்தில் சாலிசிலேட்டுக்கு உரிய நிமிடம். காகிதத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் விளக்கினார். கோஸ்காரியும் அறையில்தான் இருந்தாள், கதவருகே. இந்த ஜாதிப் பூச்சியில் ஆண் பெண்ணோடு சேரும்போது, போகிற போக்கில் இந்தப் பொருளையும் பெண் பூச்சியின் உடம்புக்குள் வைத்துவிட்டுப் போகும். பிறகு இன்னோர் ஆண் நெருங்கினால் அவள் வயிற்றைத் தூக்குவாள், வாசனை வெளியே வரும், வந்தவன் திரும்பிப் போய்விடுவான். இவள் ஏற்கெனவே ஒருவனுக்கு உரியவள் என்று அறிவிப்புப் பலகை மாட்டி வைத்தது மாதிரி. அதனால்தான் கூண்டில் ஆண் பூச்சிகள் ஏமாந்து போகின்றன, காற்றில் இந்த வாசனை இருப்பதால், யாரும் தொடாத பெண்ணையும் தொட்டவள் என்று நினைத்துக்கொள்கின்றன என்றார். பெரிய புதிர் விடுபட்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

கோஸ்காரி அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் சொல்லியும் அவள் என் அறையில் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டாக்டர் போன பிறகு சொன்னாள்.

டிரைவருக்கு ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை வலி. அதனால் வீட்டில் எப்போதும் ஒரு தைல டப்பா இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள், அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, பின்கழுத்தில் கொஞ்சம் தேய்த்துவிட்டார். வலி இல்லையே என்றாளாம். வராமல் இருக்கும் என்றாராம். அன்றிலிருந்து தினம். பதினேழு வருடம் ஒரு நாள் தவறாமல், காலை எட்டேகாலுக்கு, வாசற்படியில், இரண்டு விரலால். அவள் அதை ஆசை என்றுதான் நினைத்திருந்தாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதையும் சௌகரியம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"கடைசி ஆறு மாசம் படுக்கையில இருந்தார்க்கா," என்றாள். "எழுந்திரிக்க முடியாது. நான் குனிஞ்சு கழுத்தைக் காட்டணும். போறதுக்கு முந்தின நாள் கையில தெம்பு இல்லை, டப்பாவைத் தொறக்க முடியலை. வெறும் விரலை வச்சார். வச்சுட்டு, இது போகாதுன்னு சொன்னார். எது போகாதுன்னு நான் கேக்கலை."

என் தொழில் வேறு மாதிரி யோசிக்கச் சொன்னது. மேடு வந்திருக்கிறது என்றால் பொருள் இருக்கிறது. பொருள் இருந்தால் அது எங்கிருந்தோ வரவேண்டும். வீட்டில் அந்த டப்பா இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். போட்டுக்கொண்டிருக்கும் நீலக் கோட்டு எப்போது வாங்கியது என்று கேட்டேன். ஆறு வருடமாக அதே கோட்டுதான், அண்ணிதான் துவைத்து இஸ்திரி போட்டுத் தருவார் என்றாள். கோட்டைக் கழற்றச் சொல்லிக் காலரைத் தடவிப் பார்த்தேன். நடுவில், பின்கழுத்து படும் இடத்தில், துணி இரண்டு மடங்கு தடிப்பாக இருந்தது. தையல் அவ்வளவு நேர்த்தி, தேடினாலொழியக் கண்ணில் படாது.

நான் பிரிக்க வேண்டியிருக்கவில்லை, கத்தரிக்கோலை அவளே வாங்கிப் பிரித்தாள். உள்ளே விரலகலத்தில் மடித்த காக்கித் துணி. டிரைவர் சட்டையில் வெட்டியது.

அன்று மாலை அவளோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போக மாட்டேன் என்றாள். நாத்தனார் ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார். கோஸ்காரி அந்தக் காக்கித் துண்டைத் தையல் மிஷினின் மேல் வைத்தாள். அவர் கால் மிதிப்பதை நிறுத்தினார். சக்கரம் மட்டும் இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது.

மறைக்கவில்லை. தம்பி கேட்டுக்கொண்டான், செய்தேன் என்றார். இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் டிரைவர் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். தினம் தேய்த்துவிட இனி ஆள் இல்லை, நீயாவது பார்த்துக்கொள் என்று.

"சாகப்போறவன் கேக்கிறான். மாட்டேன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை," என்றார். "தப்புதான். உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான்மா. வாரத்துக்கு ஒரு தடவை அந்தத் துணியில கொஞ்சம் தடவுவேன். டப்பா தீர்ந்துச்சு, விட்டுட்டேன். புதுசா வாங்கித் தடவுன்னு அவன் சொல்லலை, நானும் வாங்கலை."

டப்பா எப்போது தீர்ந்தது என்று கேட்டேன். முதல் வருஷ நினைவுநாளுக்கு முன்பே என்றார். அதாவது மூன்று வருடத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்தக் கோட்டைச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்திருப்பார் என்று என்னையே கணக்குப் போடச் சொன்னார். சத்தியம் எதுவும் செய்யவில்லை. செய்யாததால்தான் நான் நம்பினேன்.

மறுநாள் அந்தக் காக்கித் துணியை மிஷினில் வைத்துச் சூடாக்கினேன். சோப்பு இருந்தது, வேர்வை இருந்தது, இஸ்திரியில் பொசுங்கிய நூல் இருந்தது. பதினான்காம் நிமிடத்தில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

இதற்குள் டாக்டருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. கோஸ்காரியே சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. சரியாக ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார். அவள் சம்மதித்தாள். தன் உடம்பில் அது இருக்கிறதா இல்லையா என்று தனக்கே தெரிந்தாக வேண்டும் என்றாள்.

பெரிய செடிகளை வைத்துப் பார்க்க எங்களிடம் கண்ணாடி அறை ஒன்று உண்டு, ஆள் நின்றால் தலை இடிக்காத உயரம். உள்ளே போகும் காற்றைக் கரியில் வடிகட்டி அனுப்புவோம். வெளியே வரும் காற்று நேராக என் குழாய்க்கு வரும். ஒரு சனிக்கிழமை காலை, நிலையத்தில் ஆளில்லாத நாளாகப் பார்த்து, அதைக் கழுவித் துடைத்து வைத்தேன். வாசனையில்லாத சோப்பில் அவளைக் குளிக்கச் சொன்னேன். நானே வாங்கி, கொதிநீரில் அலசி உலர்த்திய வெள்ளை நைட்டியைக் கொடுத்தேன். தலைமுடியைத் துணியால் கட்டினேன். அப்போது அவள் பின்கழுத்தைப் பார்த்தேன். மற்ற இடத்தை விட அங்கே தோல் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது, இரண்டு விரல் அகலத்துக்கு.

உள்ளே இரண்டு ஸ்டூல். ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் தனியாக. மேடு இல்லை. நான் உள்ளே போய் எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மேடு இல்லை. காவல்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அந்த மனிதர் உள்ளே போனதும் பல்வலிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதும் மேடு இல்லை. வெங்காயம் தின்ற காவல்காரர்தான் நாலைந்து நிமிடத்தில் உயரமாக எழும்பியிருந்தார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. எல்லாம் அந்தப் பழைய கோட்டின் வேலை, எப்படியோ தங்கிவிட்டிருக்கிறது என்று மனதுக்குள் முடிவுகூட எழுதிவிட்டேன்.

கடைசியாக டாக்டர் போனார். அவரும் குளித்து, வெள்ளை உடுப்பில். கதவைச் சாத்தினேன். அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அவர் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் என் மூக்குக்குத்தான் தெரிந்தது. காற்று வெளியே வரும் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கும் போல, அங்கிருந்து வந்தது. அதே தைலம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் கண்ணில் நீர் கட்டுவதைப் பார்த்தேன், காரத்தால். கோஸ்காரி கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தை மூடிக்கொண்டாள். மூடிய பிறகு வாசனை கூடியது. கண்ணாடியின் உள்பக்கத்தில் லேசாக ஆவி படிந்தது, அவளுக்குப் பின்னால் மட்டும், நின்றுகொண்டிருக்கிற ஓர் ஆளின் தோள் உயரத்தில். அது ஏன் அங்கே படிய வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காற்று போகும் வழி அந்தப் பக்கம் இல்லை. ஆனால் படிந்தது. நான் கதவைத் திறந்துவிட்டேன், நேரம் முடிவதற்குள்ளேயே.

மிஷின் ஓடி முடியும் வரை மூவரும் நின்றோம். பதின்மூன்றாம் நிமிடம் வரை கோடு சுத்தமாக வந்தது. பதினான்கில் எழும்பி, காகிதத்தின் மேல் விளிம்பில் முட்டி, தட்டையாகி, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இறங்கவே இல்லை. பேனா காகிதத்துக்கு வெளியே போய்விட நான் மிஷினை நிறுத்தினேன்.

கோஸ்காரி அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"வாசனை வந்துச்சா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"வந்துச்சு."

"இனிமேலும் வரும் போல. அப்புறம் எதுக்கு சார் கிட்ட வரீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நான் பூச்சி இல்லைங்க."

திங்கட்கிழமை கோஸ்காரி இயக்குநரிடம் எழுதிக் கொடுத்து, விதைக் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அங்கே ஜன்னல் கிடையாது, ஆளும் அதிகம் வருவதில்லை. கண்ணாடி வீட்டுக்கு வேறொரு பெண்மணி வந்தார். அன்றே பன்னிரண்டு கூண்டிலும் பூச்சிகள் சேர்ந்தன. டாக்டர் தன் சோதனையை எழுதி முடித்தார். வீணாய்ப்போன நாட்களைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தார்: காற்றில் மெத்தில் சாலிசிலேட் கலந்திருந்தது, வந்த வழி தெரியவில்லை. வழி தெரியவில்லை என்று எழுதுகிற விஞ்ஞானிகள் குறைவு. அதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. டாக்டர் பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் தேநீரை விதைக் கிடங்கின் வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவார். உள்ளே போக மாட்டார். டம்ளர் கழுவித் திரும்ப வரும். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

நாத்தனார் ஒருநாள் தானாகவே நிலையத்துக்கு வந்தார். கையில் அளவு டேப்பும் சிறிய நோட்டும். வாசலில் காவல்காரர் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, பூச்சி டாக்டருக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வந்திருக்கிறேன் என்றாராம். டாக்டர் சட்டை எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் என் அறையில் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார். தோள், கை, நெஞ்சு என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்ட நாத்தனார், ஆளைத் திருப்பி நிறுத்தி ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம், அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

கோஸ்காரி வந்து கதவருகே நின்றாள். நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர்கள் அவ்வளவு அருகில். அறை முழுக்க வந்தது, நாலு பக்கமும் ஒரே நேரத்தில் யாரோ டப்பாவைத் திறந்தது போல. மேஜையிலிருந்த காகிதங்கள் ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் கழுத்தில் காற்று பட்டது போல எனக்குச் சில்லிட்டது.

நாத்தனாருக்கும் தெரிந்தது. அவர் கண் கலங்கியது தைலத்தாலா வேறு எதனாலா என்று சொல்ல முடியாது. கோஸ்காரியின் தோளுக்கு மேலே, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசினார். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

"போதும்டா. டிரிப் முடிஞ்சுது. வண்டியை டிப்போல விட்டுட்டு எறங்கு. இவளை நான் பாத்துக்கறேன்."

நாங்கள் நால்வரும் அசையாமல் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வாசனை குறைந்ததா, அல்லது எங்கள் மூக்கு பழகிவிட்டதா, அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதை மறந்துவிடும், அது என் தொழிலில் முதல் பாடம். மிஷினைப் போட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

நாத்தனார் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சட்டை வியாழக்கிழமை கிடைக்கும், வெள்ளையா நீலமா என்று கேட்டார். டாக்டர் கோஸ்காரியைப் பார்த்தார். நீலம் என்றாள் அவள்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடந்தது. நாத்தனாரும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். கோஸ்காரி அன்றும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டாள், பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டரின் வீட்டு மாடியில் குடியேறினார்கள். நாத்தனார் தன் தையல் மிஷினை விட்டு வர மாட்டேன் என்றதால், மிஷினையும் சேர்த்துக் கீழ்த்தளத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். டாக்டர் மொட்டை மாடியில் ஈரத் துணியை உலர்த்திவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் என்னை அறியாமல் மூக்கைச் சுருக்கி இழுத்தேன். துணி சோப்பின் வாசனைதான் வந்தது. கோஸ்காரி நான் செய்ததைக் கவனித்துவிட்டாள். அவர் கடைக்குப் போன பிறகு அவளாகவே சொன்னாள்.

இப்போதெல்லாம் வருவதில்லையாம். ஒரே ஒரு தடவை வந்ததாம். டாக்டர் ஒரு மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்தபோது, நாத்தனாரும் கடைக்குப் போயிருக்க, இவள் மட்டும் வீட்டில். பட்டப்பகல். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்கழுத்தில் முதலில் சூடு, பிறகு குளிர்ச்சி, பிறகு வாசனை. யாரும் அவளை நெருங்கியிருக்கவில்லை, விலக்கிவிட அங்கே ஆளே இல்லை. ஆனாலும் வந்தது. சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனது.

நீ என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"என்ன செய்யறது. பாத்திரத்தைக் கழுவி முடிச்சேன். பயமா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒருத்தர் வீடு தேடி வந்துட்டா மூஞ்சியைத் திருப்பிக்க முடியுமாக்கா. இங்க சௌக்கியமா இருக்கேன்னு சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்."

டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"எதுக்கு? உடனே உங்க மிஷினைத் தூக்கிட்டு வந்துடுவார்," என்றாள். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் எனக்கு இன்னொரு டம்ளர் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.